நிரல் எழுதிய கை: பியர் பூலெஸும் கச்சேரியின் அரசியலும்

ஐரோப்பியச் செவ்வியல் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் படைப்பு, பாணி, மேதைமை, ஆண்டு என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். ஒரு மாலையில் மேடையில் எது ஒலிக்கலாம், எது ஒலிக்க வேண்டாம் என முடிவு பண்ணியது யார், எத்தனை நாள் ஒத்திகை பார்த்தார்கள், அந்த ஒத்திகைக்குக் காசு கொடுத்தது யார் என்கிற கேள்விகள் அவர்களுக்குக் கணக்குப்பிள்ளை வேலையாகப் படுகின்றன. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த இசையின் திசையைத் தீர்மானித்ததில் இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. பியர் பூலெஸ் (1925-2016) என்கிற ஃபிரெஞ்சு இசைஞரின் வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து வாசித்துப் பார்க்கலாம். அவர் இசைப்படைப்பாளி, உலகப் புகழ்பெற்ற நடத்துநர், கூர்மையான கட்டுரையாளர். இவற்றுக்கெல்லாம் அடியில் அவர் ஒரு நிரல் தயாரிப்பாளர். அவர் எழுதிய பிரதிகளிலேயே அதிகம் பேரைப் பாதித்தது அவருடைய கச்சேரி நிரல்தான் என்பது என் வாசிப்பு.

இசையமைப்பாளர் என்றதும் நமக்குச் சினிமா ஞாபகம் வந்துவிடும். இங்கே பேசுவது வேறு ஆளை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய ஒவ்வொரு சுரத்தையும், அதன் நீளத்தையும் அழுத்தத்தையும் தாளில் எழுதித் தருகிறவர். எழுதியது வாசிக்கப்படாவிட்டால் அது வெறும் தாள். அச்சேறாத கவிதைகூடக் கையெழுத்துப் பிரதியாக நாலு பேரிடம் போய்ச் சேரும். இருபது வாத்தியங்களுக்கு எழுதிய இசை அப்படிப் போகாது. அதற்கு இருபது தேர்ந்த கைகள் வேண்டும், மண்டபம் வேண்டும், ஒத்திகை நாட்களுக்குக் கூலி வேண்டும், கேட்க வருகிறவர்கள் வேண்டும். ஆகவே இந்த மரபில் நிரல் போடுகிறவர் ஒரே நேரத்தில் பதிப்பாளர், தணிக்கையாளர், வரலாற்றாசிரியர் ஆகிய மூன்று பேராகவும் இருக்கிறார். இதைப் பூலெஸ் போல முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் தலைமுறையில் இல்லை.

அவருடைய பொதுவாழ்க்கை ஒரு கூச்சலில் தொடங்குகிறது. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையடைகிறது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது யூத இசைஞர்களின் படைப்புகளைப் பொதுவில் வாசிக்க முடியாதிருந்தது. ஷோன்பெர்க், வெபர்ன் என்ற பெயர்களே இளைஞர்களுக்குப் புதிது. லுவார் மாவட்டத்து மோன்பிரிஸோன் என்கிற சிற்றூரிலிருந்து, எஃகுத் தொழிலில் பொறியாளராயிருந்த தந்தையின் விருப்பத்தை மீறி, கணிதப் படிப்பை விட்டுவிட்டுப் பாரிஸுக்கு வந்து ஒலிவியே மெசியானிடம் மாணவராக இருந்தார் பூலெஸ். 1945இல் ரெனே லைபோவிட்ஸ் ஒரு வீட்டில் நடத்திய ஷோன்பெர்க்கின் காற்றுவாத்திய ஐவிசையைக் கேட்டு அதிர்ந்துபோனார். அதே ஆண்டு மார்ச்சில் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி கச்சேரித் தொடர் ஒன்று நடக்கிறது. போருக்குப் பிந்தைய ஃபிரான்சின் பண்பட்ட ரசனை என்று பெரியவர்கள் முன்வைத்தது அதைத்தான். மெசியானின் மாணவர்கள் கூட்டமாகப் போய் விசிலடித்துக் கலாட்டா செய்தார்கள். அதில் பூலெஸும் இருந்தார்.

இதை இளரத்தக் கலகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கென்னவோ அது ஒரு நிரல் விமர்சனமாகத் தெரிகிறது. ஸ்ட்ராவின்ஸ்கி மோசமான இசைஞர் என்று அந்தப் பையன்கள் நினைக்கவில்லை. 'வசந்தத்தின் சடங்'கின் தாளக் கட்டமைப்பைப் பூலெஸ் பிற்பாடு நுணுக்கி நுணுக்கி ஆராய்ந்தவர். அவர்கள் ஆத்திரப்பட்டது, பின்னோக்கித் திரும்பிய ஸ்ட்ராவின்ஸ்கியை நிகழ்காலம் என்று காட்டியதற்காக. விசில் அடித்தவர்கள் கேட்டது: வெபர்ன் எங்கே?

விசிலடிப்பது சுலபம், மாற்றுக் கச்சேரி நடத்துவது கஷ்டம். 1946இல் ழான்-லூயி பாரோ, மதலேன் ரெனோ இருவரின் நாடகக் குழுவில் பூலெஸுக்கு இசைப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. பத்தாண்டுகள் நாடகங்களுக்குப் பின்னணி இசை நடத்திச் சம்பாதித்தார். அந்தக் குழு இயங்கிய மரிஞி அரங்கின் சின்னக் கூடத்தில்தான் 1954 ஜனவரி 13 அன்று முதல் கச்சேரி. அடுத்த பருவத்திலிருந்து அதன் பெயர் டொமேன் மியூசிக்கல். இசையின் ஆட்சிப்பரப்பு என்று பெயர்க்கலாம். பெயரிலேயே ஆட்சி இருக்கிறது, பாருங்கள். பாரோ-ரெனோ குழு முதலில் செலவைத் தாங்கியது. பின்பு இலக்கிய வரவேற்பறை நடத்திவந்த சூசன் தெஸெனா என்கிற பெண்மணி புரவலர்களையும் சந்தாதாரர்களையும் திரட்டினார். சந்தா, நன்கொடை, நண்பரின் இடம், கடன், அடுத்த இதழ் வருமா வராதா என்கிற பதற்றம்: சிறுபத்திரிகை நடத்துகிற யாருக்கும் இந்தப் பொருளாதாரம் அந்நியமாக இருக்காது.

முதல் நிரலைப் பார்ப்போம். ஹெர்மன் ஷெர்ஷென் நடத்தினார். பாஹின் 'இசைக் காணிக்கை', ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நரி', வெபர்னின் ஒன்பது வாத்தியக் கான்செர்ட்டோ, அப்போது முப்பதைத் தொடாத நோனோ, ஸ்டாக்ஹவுசன் ஆகியோரின் புதிய படைப்புகள். இது சும்மா கிடைத்ததைப் போட்ட கதம்பம் இல்லை. மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதல் அடுக்கு, இன்றைய இசைக்கு முன்னோர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பழையவர்கள். பாஹ், ஜெசுவால்தோ, துஃபாய், மஷோ. இரண்டாவது, செத்தும் கேட்கப்படாத, அல்லது இருந்தும் கேட்கப்படாத நவீன முன்னோடிகள். ஷோன்பெர்க், பெர்க், வெபர்ன், வரேஸ். மூன்றாவது, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்கள். மூன்றையும் ஒரே மாலையில் அடுக்கும்போது நிரல் ஒரு வாதமாக மாறிவிடுகிறது. 14ஆம் நூற்றாண்டு மஷோவிலிருந்து பாஹ் வழியாக, வெபர்ன் வழியாக, ஸ்டாக்ஹவுசனுக்கும் பூலெஸுக்கும் வந்துசேர்கிற ஒரு வம்சாவளி அங்கே கண்முன் கட்டப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அதில் காணாமல் போகிறது. ஒரு வார்த்தை பேசாமல், உருப்படிகளை வரிசைப்படுத்தியே ஒரு வரலாற்றை எழுதியாகிவிட்டது. பெருங்கதையாடல் எப்படி உருவாகிறது என்பதற்குத் தடிமனான தத்துவ நூல்களைவிட இந்த ஒற்றைத் தாள் நல்ல உதாரணம்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. முதல் உலகப் போர் முடிந்த 1918இல் வியன்னாவில் ஷோன்பெர்க் தொடங்கிய தனியார் இசை நிகழ்த்துகைச் சங்கம். அங்கே உறுப்பினர் மட்டுமே வரலாம். பத்திரிகை விமர்சகருக்கு அனுமதி இல்லை. கைதட்டக் கூடாது, முகஞ்சுளிக்கவும் கூடாது. இன்று என்ன வாசிக்கப்போகிறோம் என்று முன்கூட்டி அறிவிப்பதில்லை, பெயரைப் பார்த்து ஆள் வராமல் போய்விடக்கூடாதே என்பதற்காக. போதுமான ஒத்திகை இல்லாமல் எதுவும் மேடையேறாது. புரிபடாத படைப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். தொடக்கப் பருவங்களில் ஷோன்பெர்க் தம்முடைய படைப்பு எதையும் அங்கே சேர்க்கவிடவில்லை. 1921இல் பணவீக்கம் அந்தச் சங்கத்தை விழுங்கியது. பூலெஸ் இந்த மரபிலிருந்து ஒத்திகை ஒழுங்கை எடுத்துக்கொண்டார். தன்னை விலக்கிக்கொள்கிற கூச்சத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஷோன்பெர்க் இறந்த மறு ஆண்டே, 1952இல், 'ஷோன்பெர்க் செத்துவிட்டார்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரையைப் போட்டவர் அவர். பன்னிரு சுர முறையைக் கண்டுபிடித்தும் பழைய வடிவங்களுக்குள்ளேயே அதை அடைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அந்த முறையின் தேவையை உணராத இசைஞர்கள் எல்லோரும் பயனற்றவர்கள் என்றும் அதே ஆண்டில் எழுதினார். இப்படி எழுதுகிற ஆளின் கையில் இரண்டு வருஷத்தில் ஒரு மேடையும் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விமர்சனக் கட்டுரையில் எழுதினால் அது கருத்து. நிரலில் எழுதினால் அது வேலைவாய்ப்பு.

வெளியே நின்றவர்கள் யார்? ஆன்ரி துத்தியூ போன்ற, முறை எதிலும் சேராமல் தனியே வண்ணக்கோலம் போட்டவர்கள். டொமேன் மியூசிக்கல் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. யானிஸ் ஸெனாகிஸின் கதை நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். கிரேக்கக் கம்யூனிஸ்ட் எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். ஏதென்ஸ் தெருச்சண்டையில் பிரிட்டிஷ் படையின் குண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். ஊரில் மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பிப் பாரிஸ் வந்து, கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். 1955இலேயே சீரியல் இசையின் நெருக்கடி பற்றி எழுதினார்: தாளில் அத்தனை நுணுக்கமாகப் பின்னிய இழைகளைக் காது தனித்தனியாகக் கேட்பதில்லை, ஒலிக்கூட்டமாகத்தான் கேட்கிறது, அப்படியானால் கூட்டத்தின் கணிதத்தை எழுதுவோம் என்றார். பூலெஸின் மேடைக்கு அவர் 1960களில்தான் வந்துசேர்ந்தார். 1964இல் அவருடைய 'எயோன்டா'வைப் பூலெஸே நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். கதவு பூட்டியே இருந்ததில்லை. ஆனால் சாவி ஒரே ஆளிடம் இருந்தது.

உள்ளே வந்தவர்களில் ழான் பாராக்கே முக்கியமானவர். 1956 மார்ச்சில் டொமேன் மியூசிக்கலில் ஒலித்த அவருடைய 'செகான்ஸ்' நீட்ஷேயின் வரிகளை எடுத்தாண்டது. நீட்ஷேயை அவர் கையில் கொடுத்தது அப்போது அவருடைய துணையாக இருந்த மிஷெல் ஃபூக்கோ. இருத்தலியமும் மார்க்ஸியமும் நிறைந்திருந்த தன் இளமையின் இயங்கியல் உலகில் முதல் கிழிசலை உண்டாக்கியது இந்த இசைஞர்கள்தாம் என ஃபூக்கோ பிற்காலத்தில் சொன்னார். தமிழில் ஃபூக்கோவைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இந்த இசைப்பக்கத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. ஓவியர் நிக்கொலா த ஸ்தாலும் அந்தக் கூடத்துக்கு வந்தவர். 1955 மார்ச் தொடக்கத்தில் அங்கே ஷோன்பெர்க்கையும் வெபர்னையும் கேட்டுவிட்டு ஆந்தீபுக்குத் திரும்பி, சிவப்புப் பின்னணியில் பியானோவும் டபுள்பேஸும் நிற்கும் பிரமாண்டமான 'கச்சேரி' ஓவியத்தைத் தொடங்கினார். முடிக்காமலே மார்ச் 16 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மேட்டுக்குடிச் சந்தாதாரர்களின் கூடம் என்று எழுதித் தள்ளிவிட முடியாதபடி அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

ஒத்திகை விஷயத்துக்கு வருகிறேன். இடதுசாரி விமர்சகர்கள் உள்பட எல்லோரும் தவறவிடுகிற இடம் இது. 1945இல் யாரைப் பார்த்து விசிலடித்தார்களோ அதே ஸ்ட்ராவின்ஸ்கி, எழுபத்தைந்து வயதில், தானும் சுரவரிசை முறைக்கு மாறியபின், 1957 அக்டோபரில் டொமேன் மியூசிக்கலின் விருந்தாளியாக வந்து தம்முடைய 'அகோன்' படைப்பை நடத்தினார். வரலாறு இப்படி வட்டமடித்ததில் பூலெஸுக்கு எவ்வளவு திருப்தி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அடுத்த ஆண்டு நவம்பரில் 'த்ரேனி' என்ற பெரிய பாடகர்குழுப் படைப்பு. பாடகர்கள் தயாராகவில்லை. கச்சேரி தடுமாறி நொறுங்கியது. கூட்டம் எழுத்தாளரைப் பார்த்தே கேலி செய்தது. ஸ்ட்ராவின்ஸ்கி கொதித்துப்போய், இனிப் பாரிஸில் நடத்தவே மாட்டேன் என்றார். பழியைப் பூலெஸ் மேல் போட்டார். பழைய இசை மோசமாக வாசிக்கப்பட்டால் வாசித்தவனைத் திட்டுவார்கள். பேத்தோவனின் மேல் பழி விழாது. புதிய இசை மோசமாக வாசிக்கப்பட்டால் அதை எழுதியவன்மேல் பழி விழும், ஏனென்றால் அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆக, புதிய படைப்புக்குப் போதிய ஒத்திகை தருவது ஆடம்பரம் ஆகாது. அது குறைந்தபட்ச நீதி. நோக்கம், ஆர்வம், தோழமை எதுவும் அதற்கு ஈடு கிடையாது. பணம் வேண்டும். சந்தாவில் அந்தப் பணம் வராது. பூலெஸ் பிற்பாடு அரசாங்கத்தின் வாசலுக்குப் போனதற்குக் காரணம் அதிகார ஆசை மட்டும்தான் என்று சொல்கிறவர்கள் இந்த 1958 இரவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவருடைய 'எஜமானற்ற சுத்தியல்' இதையே வேறு விதமாகச் சொல்கிறது. ரெனே ஷாரின் கவிதைகளுக்கு எழுதியது. 1955 ஜூனில் பாதன்-பாதனில் ஹான்ஸ் ரோஸ்பாவ்ட் நடத்த முதலில் ஒலித்தது. ஒரு பெண்குரல், அல்ட்டோ புல்லாங்குழல், வயோலா, கிதார், வைப்ரபோன், சைலோரிம்பா, தாளவாத்தியங்கள். அடிநாதம் இல்லாத, நடுப்பகுதியிலேயே மினுங்குகிற ஓசை. சைலோரிம்பா ஆப்பிரிக்க பலஃபோனையும் வைப்ரபோன் பாலித்தீவின் கமெலானையும் கிதார் ஜப்பானியக் கோட்டோவையும் நினைவூட்டுவதாக அவரே எழுதினார். 1940களில் பாரிஸ் அருங்காட்சியகங்களின் இனவரைவியல் ஒலிப்பதிவுகளை ஆழ்ந்து கேட்டவர் அவர். இந்தோசீனாவுக்கு ஆய்வுப் பயணம் போக இருந்து போரினால் அது நின்றுபோனது. காலனிகளின் இசை இப்படி ஃபிரெஞ்சு நவீனத்துக்குள் நுழைகிறது, பெயரில்லாமல், ஒலிநிறமாக. நிரலில் அவர்களுக்கு வம்சாவளி கிடையாது. மஷோவுக்கு உண்டு.

ஆனால் அதே காலனியப் பிரச்சினையில் ஆள் பதுங்கவும் இல்லை. அல்ஜீரியப் போரில் ஆயுதம் தூக்க மறுப்பவர்களின் உரிமையை ஆதரித்து 1960 செப்டம்பரில் வெளியான 121 பேர் அறிக்கையில் அவர் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அரசு வானொலி, தொலைக்காட்சி, மானியம் வாங்கும் அரங்குகளின் கதவுகள் மூடப்பட்டன. பூலெஸ் ஏற்கெனவே 1950களின் கடைசியில் தென்மேற்கு ஜெர்மன் வானொலியின் ஆதரவில் பாதன்-பாதனில் குடியேறியிருந்தார். பாரிஸ் அவருக்கு ஒத்திகைக்குக் காசு தரவில்லை, ஜெர்மன் வானொலி தந்தது.

1966இல் ஆந்த்ரே மால்ரோ தம் அமைச்சகத்தின் இசைப் பொறுப்பை மார்செல் லாண்டோவ்ஸ்கியிடம் கொடுத்தார். பூலெஸின் பார்வையில் அவர் பிற்போக்கு இசைஞர். 'நுவெல் ஒப்சர்வத்தர்' இதழில் மால்ரோவுக்கு நான் ஏன் இல்லை என்கிறேன் என்று போட்டுடைத்தார். ஃபிரான்சின் அரசு சார்ந்த இசைவாழ்வோடு உறவை அறுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டொமேன் மியூசிக்கல் ஜில்பேர் அமியின் கைக்குப் போனது. 1973 வரை நடந்தது. 1967இல்தான் 'டேர் ஸ்பீகல்' பேட்டியில் ஓபரா அரங்குகளைக் குண்டு வைத்துத் தகர்ப்பதே நேர்த்தியான தீர்வு என்கிற அந்தப் பேச்சு. லாண்டோவ்ஸ்கியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் இசையை இன்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் அவருடைய பத்தாண்டுத் திட்டம் பாரிஸுக்கு வெளியே மாவட்டங்களில் இசைப்பள்ளிகளையும் வாத்தியக் குழுக்களையும் உண்டாக்கியது. வாத்தியத்தைத் தொட்டே பார்த்திராத வீடுகளின் பிள்ளைகள் பலர் அந்தப் பள்ளிகளின் வழியாக வந்தார்கள். கலகக்காரரின் பட்டியல் ஒரு பக்கம், அதிகாரியின் பள்ளிக்கூடம் ஒரு பக்கம். எது முற்போக்கு என்று சட்டென்று சொல்ல எனக்கு வரவில்லை.

லண்டனிலும் நியூயார்க்கிலும் 1971இலிருந்து பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களின் தலைமை. பெரிய எந்திரத்தை உள்ளிருந்து திருப்பிப் பார்க்கும் முயற்சி அது. லண்டனில் பிபிசி குழுவோடு பழைய ரயில் இன்ஜின் கொட்டகையான ரவுண்ட்ஹவுஸில் புதிய இசை வாசித்துவிட்டுக் கேட்பவர்களோடு உட்கார்ந்து பேசினார். நியூயார்க்கில் 1973 ஜூனில் மண்டபத்தின் தரைத்தள நாற்காலிகளையெல்லாம் கழற்றிவிட்டு விரிப்பும் திண்டும் போட்டு இளைஞர்களைத் தரையில் உட்காரவைத்தார். கூட்டம் வந்தது. ஆனால் வழக்கமான சந்தாதாரர்கள் முணுமுணுத்தார்கள். பெர்க்கும் வெபர்னும் அவர்களுக்குக் கசந்தது. நூறு பேர் சேர்ந்து வாசிக்கையில் ஒரு தவறான சுரத்தைத் தனியே பிடித்துச் சொல்லிவிடும் காது அவருக்கு. வாத்தியக்காரர்கள் 'ஃபிரெஞ்சுத் திருத்தம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள், அப்போது பேர்பெற்றிருந்த ஒரு போலீஸ் படத்தின் தலைப்பைத் திரித்து. 1977இல் நியூயார்க்கை விட்டார்.

போனது பாரிஸுக்கு. ஜனாதிபதி பொம்பிடு 1970இலேயே கூப்பிட்டிருந்தார். பொம்பிடு பண்பாட்டு மையத்தை ஒட்டி, தரைக்கடியில் இர்க்காம் என்கிற இசை-ஒலி ஆய்வு நிறுவனம் 1977இல் திறந்தது. மேலே உள்ள சதுக்கத்துக்குப் பெயர் ஸ்ட்ராவின்ஸ்கி சதுக்கம். கூடவே 1976இல் 31 தனிவித்வான்கள் கொண்ட, சம்பளம் பெறும் ஒரு நிரந்தரக் குழு. புதிய இசையை மட்டுமே தொழிலாகக் கொண்டு, மாதச் சம்பளத்தில், வேண்டிய அளவு ஒத்திகை பார்க்கிற வாத்தியக்காரர்கள்! 'த்ரேனி' இரவுக்கு இதுதான் பதில். இதை நான் சாதனை என்றே சொல்வேன். இல்லையென்றால் லிகெட்டியின், பெர்ட்விஸிலின், இன்னும் எத்தனையோ இளைஞர்களின் இசை எழுதியபடியே ஒலித்திருக்காது.

ஆனால் சாவிக்கொத்து இப்போது பெரிதாகிவிட்டது. சமகால இசைக்கான அரசு மானியத்தில் கணிசமான பங்கு ஒரே கட்டடத்துக்குப் போகிறது. அந்தக் கட்டடத்தின் தலைவர் வெளியே கலகக்காரராக இருந்த அதே மனிதர். பிரிட்டிஷ் மானுடவியலாளர் ஜார்ஜினா பார்ன் 1984இல் இர்க்காமுக்குள் தங்கிக் களஆய்வு செய்து 1995இல் நூலாக வெளியிட்டார். பழங்குடிக் கிராமத்தை ஆராய்வது மாதிரி நவீனத்துவத்தின் கோட்டையை ஆராய்ந்த நூல். யார் இசைஞர், யார் வெறும் தொழில்நுட்ப உதவியாளர் என்கிற படிநிலை; மேல்படிகளில் ஏறக்குறைய ஆண்களே இருந்தது; எதிர்காலத்தைப் பற்றிய பேச்சைக் கொண்டு நிகழ்காலத்தின் மானியத்தை நியாயப்படுத்தும் சொல்லாடல். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைத்தார். சமூகவியலாளர் பியர்-மிஷெல் மெங்கர் கேட்பவர்களை ஆராய்ந்தார். வந்தவர்களில் உயர்கல்வி பெற்றவர்களே மிகுதி. அவர்களிலும் பலர், கேட்பது பிடிபடவில்லை, இருந்தாலும் வருகிறோம் என்கிற நிலையில் இருந்தார்கள். சிகாகோவின் கறுப்பு இசைஞர் இயக்கத்திலிருந்து வந்த டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 1984இல் இர்க்காமில் 'ரெயின்போ ஃபேமிலி'யை உருவாக்கினார்: வாசிப்பவர் அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பதைக் கணினி கேட்டுத் தானும் பதில் வாசிக்கும். இர்க்காமின் மைய அக்கறை எழுதப்பட்ட இசைதான். மனோதர்மம் அங்கே விருந்தாளி. இன்று திரும்பிப் பார்க்கையில், கணினியோடு உரையாடுகிற இசையில் லூயிஸ் அன்று போட்ட பாதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரிகிறது. ஸெனாகிஸ் இர்க்காமுக்கு வெளியே தம் சொந்த ஆய்வுக் கூடத்தில், வரைந்த கோட்டை ஒலியாக்கும் யுபிக் கருவியை 1977இல் செய்து முடித்தார். குழந்தைகள்கூட அதில் இசை வரைந்தார்கள்.

இதே ஆண்டுகளில் லூயிஜி நோனோ வேறொரு நிரல் போட்டுக்கொண்டிருந்தார். இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஜெனோவாவின் எஃகாலைக்குள் போய் உலைச் சத்தத்தையும் தொழிலாளர் பேச்சையும் பதிவு செய்து 1964இல் 'ஒளியூட்டப்பட்ட ஆலை'யை உருவாக்கினார். அதைத் தொழிலாளர்கள் முன்பாகவே ஒலிக்கவிட்டு விவாதித்தார். 1970களில் கிளாவ்தியோ அபாதோ, மவுரிட்ஸியோ பொலினி ஆகியோருடன் சேர்ந்து ரெஜ்ஜோ எமிலியாவில் ஆலைகளுக்கும் நகர மன்றங்களுக்கும் கச்சேரிகளைக் கொண்டுபோனார். நோனோவின் இசை பூலெஸின் இசையைவிட எளிதானதல்ல. தொழிலாளிக்குப் புரியாது என்று அவர் முன்முடிவு கட்டவில்லை, அவ்வளவுதான். மறுபக்கத்தில் நோனோ சிலரின் தோழமையை நம்பியிருந்தார். அந்தச் சூழல் கலைந்தபோது அந்தக் கச்சேரிகளும் ஓய்ந்தன. பூலெஸின் 31 பேர் இன்றும் சம்பளம் வாங்கி வாசிக்கிறார்கள்.

1976இல் பூலெஸ் கொலேஜ் த ஃபிரான்சுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதில் ஃபூக்கோவின் ஆதரவு இருந்தது. 1978இல் இர்க்காம் நடத்திய இசைக்காலம் பற்றிய கருத்தரங்கில் ஃபூக்கோ, தெல்யூஸ், ரோலான் பார்த் மூவரும் ஒரே மேடையில். 1983இல் ஃபூக்கோவும் பூலெஸும் புதிய இசையும் மக்களும் என்பது பற்றி உரையாடினார்கள். நிரலின் அரசியலைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. மக்களுக்கு எது கிடைக்கிறதோ அதைக் கேட்கிறார்கள். கேட்டதே ரசனையை உறுதிப்படுத்தி, இன்னதுதான் கேட்கக்கூடியது என்ற எல்லையைத் தோண்டுகிறது. அந்த எல்லையைக் காட்டித் திரும்பவும் அதையே கொடுக்கிறார்கள். ஃபூக்கோவின் வாதத்தின் சாரம் இதுதான். ஆகவே கூடுதலாகப் பல இசைகள் கிடைக்கச் செய்வதால் மட்டும் இந்தப் பள்ளம் மூடாது. பூலெஸும் பலவகைமையைச் சந்தேகித்தார். எல்லாம் நல்லது, எல்லாவற்றுக்கும் ஓர் இடம் என்கிற பெரும் அங்காடித் தாராளவாதம் எதையும் எதோடும் மோதவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்று. இன்று கைபேசியில் ஆயிரம் நூற்றாண்டு இசையும் கொட்டிக் கிடக்க, கணக்கிடும் எந்திரம் நேற்றுக் கேட்டதையே இன்றும் எடுத்து நீட்டுகிற காலத்தில் இந்த உரையாடல் பழசாகவில்லை. ஆனால் ஃபூக்கோ அன்று பூலெஸிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சந்தை தோண்டும் பள்ளம் சரி. அரசாங்கக் காசில் ஒருவரே இருபது முப்பது வருஷம் நிரல் போட்டால் தோண்டப்படுவது என்ன?

நிரல் எழுதிய கை இசை எழுதுவதைக் குறைத்துக்கொண்டே போனது. 1957இல் தொடங்கிய 'மடிப்புக்கு மடிப்பு' 1989 வரை திருத்தப்பட்டது. மூன்றாவது பியானோ சொனாட்டா பாதியில் நிற்கிறது. இருபது வயதில் எழுதிய பன்னிரண்டு சின்னப் பியானோத் துண்டுகளை 1978இலிருந்து பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்தெழுத ஆரம்பித்து ஐந்தோடு நிறுத்திவிட்டார். கடைசிக் காலத்தின் 'சூர் அன்சீஸ்' மாதிரி ஒன்றைக் கேட்கும்போது, மூன்று பியானோ, மூன்று ஹார்ப், மூன்று தாளவாத்தியக்காரர்கள் எழுப்பும் அந்த ஈரமான மினுமினுப்பில், இந்த ஆள் குழுக்கூட்டங்களில் உட்கார்ந்த நேரத்தை நினைத்து வருத்தமாகத்தான் இருக்கிறது.

பாரிஸின் வடகிழக்கு ஓரத்தில், முன்பு மாட்டுச் சந்தையும் கசாப்புக் கூடங்களும் இருந்த லா விலெத்தில், புறநகர்வாசிகள் வந்துபோகும்படி ஒரு பெரிய இசைமண்டபம் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். 1995இல் அங்கே இசைநகர் திறந்தது. 2,400 இருக்கைகளுடன் பாரிஸ் ஃபில்ஹார்மோனி 2015 ஜனவரி 14 அன்று, 'ஷார்லி எப்தோ' படுகொலைகள் நடந்து ஒரு வாரத்தில், திறக்கப்பட்டது. பூலெஸ் உடல்நலமில்லாமல் வரவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரி 5 அன்று பாதன்-பாதனில் இறந்துபோனார். அதன்பின் பெரிய அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். திறப்புவிழாவில் வாசித்தது 1967இல் லாண்டோவ்ஸ்கியின் முயற்சியால் உருவான பாரிஸ் ஆர்க்கெஸ்ட்ரா. நிரலில் வரேஸ் இருந்தார், ரவேல் இருந்தார், இறந்தவர்களுக்காக ஃபோரேயின் 'ரெக்வியம்' இருந்தது, இளையவர் தியரி எஸ்கேஷின் புதிய படைப்பு ஒன்றும், துத்தியூவின் வயலின் படைப்பு ஒன்றும் இருந்தன. பூலெஸ் எழுதியது எதுவும் இல்லை.